குதிரைக் கண்ணில் விழுந்த பூ: ஃப்ரிட்ஜில் இருந்த சொட்டு மருந்தும் நான் பண்ணின தப்பும்

வழக்கமா இங்க டேட்டாபேஸ், சர்வர், இன்டர்வியூன்னு பேசிட்டு இருப்போம். இந்த எபிசோட் முழுக்கக் குதிரையோட கண்ணைப் பத்தி. "எங்க வீட்ல குதிரை இல்லையே ப்ரோ"ன்னு கேட்கிறவங்க, மாடோ நாயோ வச்சிருந்தாலும் கேளுங்க. பாதி விஷயம் அதுக்கும் பொருந்தும்.

எங்க பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், ஊர்ல ஒரு வெள்ளைப் பெண்குதிரை வச்சிருக்கார். பேரு ராணி. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு, கோயில் ஊர்வலம், இதுதான் அவளோட வேலை. தோட்டத்து வருமானம் கைகொடுக்காத வருஷங்கள்ல வீட்டை ஓட்டினதே ராணிதான்னு அண்ணன் சொல்வார்.

ஒரு மாட்டுப் பொங்கல் அன்னிக்கு நான் ஊர்ல இருந்தேன். காலையில லாயத்துக்குப் போனா, ராணி இடது கண்ணைப் பாதி மூடி வச்சிருக்கா. கன்னத்துல தண்ணி ஒழுகின தடம். சோளத்தட்டு குத்தியிருக்கும்னு அண்ணன் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா, தும்பை இலையை மென்னு கண்ணுல துப்பச் சொன்னார். நான் படிச்சவன் இல்லையா, அதெல்லாம் கூடாதுன்னு தடுத்தேன். தடுத்துட்டு என்ன பண்ணேன்? லீவு நாள், டாக்டர் வரமாட்டார்னு நானே முடிவு பண்ணி, எங்க அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த சொட்டு மருந்தை எடுத்துட்டு வந்து விட்டேன். "ஆன்டிபயாடிக்தாங்கண்ணா, ஒண்ணும் ஆகாது"ன்னு வேற சொன்னேன்.

அந்த பாட்டில்ல ஆன்டிபயாடிக்கோட டெக்ஸாமெத்தசோனும் இருந்துச்சு. அது ஒரு ஸ்டீராய்டு. லேபிள்ல தெளிவா எழுதியிருந்தது. நான் முதல் பேரை மட்டும் படிச்சேன்.

இதுல மோசமான பகுதி என்னன்னா, மறுநாள் கண்ணு நல்லாயிருந்த மாதிரி தெரிஞ்சது. தண்ணி ஒழுகறது குறைஞ்சது, வீக்கம் வடிஞ்சது. ஸ்டீராய்டு வேலை செய்யற விதமே அதுதான். வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும். ஆனா உள்ள இருக்கிற காயம் ஆறாது. கிருமியை எதிர்க்கிற உடம்போட படையையும் சேர்த்துத் தூங்க வச்சுடும். நம்ம பாஷையில சொன்னா, எர்ரரைச் சரி பண்ணாம அலெர்ட்டை ஆஃப் பண்றது. நாலாவது நாள் காலையில கண்ணு நடுவுல மஞ்சள் கலந்த வெள்ளையா ஒரு திட்டு. சுத்தி நீலம் பூத்த மாதிரி மங்கல். "தம்பி, பூ விழுந்துருச்சு போலிருக்கே"ன்னு அண்ணன் மெதுவாச் சொன்னார்.

இனி விஷயத்துக்கு வருவோம். குதிரைக்கு ஏன் கண்ணுல இவ்வளவு அடிபடுது? தரையில வாழற பாலூட்டிகள்ல மிகப் பெரிய கண்கள்ல ஒண்ணு குதிரையோடது. அது தலையோட ரெண்டு பக்கமும் வெளியே துருத்திட்டு இருக்கும். தன்னைச் சுத்தி கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்க முடியும். நேர் பின்னாடியும் நெத்திக்கு முன்னாடி கொஞ்சமும்தான் தெரியாது. வேட்டையாடப்படற மிருகத்துக்கு அருமையான டிசைன். ஆனா அதே டிசைன்தான் வேலிமுள், ஆணி, தட்டுக்கூளம் எல்லாத்துக்கும் கண்ணை முதல்ல காட்டிக் கொடுக்குது. பயந்தா தலையை வேகமா உதறும், அப்பவும் கண்ணுதான் இடிபடும். அந்தக் கண்ணோட முன்பக்கக் கண்ணாடி, அதாவது கருவிழி, சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான்.

வலி இருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு எளிய வழியை டாக்டர் சொல்லிக் கொடுத்தார். குதிரைக்கு நேர் எதிர்ல நின்னு ரெண்டு பக்கத்து மேல் இமை முடியையும் ஒப்பிட்டுப் பாருங்க. சாதாரணமா அது வெளிப்பக்கமா நீட்டிட்டு இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கீழ்நோக்கிச் சாய்ஞ்சிருந்தா, அந்தக் கண்ணு வலிக்குதுன்னு அர்த்தம். கண்ணு திறந்தே இருந்தாலும் இது காட்டிக் கொடுத்துடும். கூடவே தண்ணி ஒழுகல், வெளிச்சத்துக்குக் கூசறது, பாப்பா சுருங்கிக் கிடக்கறது. இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே டாக்டரைக் கூப்பிடணும். நாளைக்குப் பார்த்துக்கலாம்கிற பேச்சே கிடையாது.

ஒரு சின்ன விஷயம், பயந்துடாதீங்க. குதிரையோட பாப்பாவின் மேல் விளிம்புல கருப்பா, திராட்சை மாதிரி சின்னச் சின்ன முடிச்சு தொங்கும். அது பிறவியிலேயே உள்ளது, வெயில் கூச்சத்தைக் குறைக்க உதவுதுன்னு சொல்றாங்க. நான் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "ஐயோ, கட்டி!"ன்னு கத்திட்டேன்.

டாக்டர் வந்ததும் முதல்ல மயக்க ஊசி போட்டு நிதானப்படுத்தினார். அப்புறம் கண்ணுக்கு மேல எலும்பு விளிம்புல ஒரு சின்ன மரப்பு ஊசி. குதிரையோட இமைத் தசை அவ்வளவு பலம். மரத்துப்போகாம விரலால பிரிக்க நினைச்சா, உள்ள ஆழமான புண் இருந்தா அந்த அழுத்தத்துலேயே கண்ணு உடைஞ்சுடலாம். "நீங்க தினமும் எப்படிப் பிரிச்சு மருந்து விட்டீங்க?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல.

அடுத்து ஃப்ளோரசின்னு ஒரு சாயம். கருவிழியோட மேல்தோல் முழுசா இருந்தா இந்தச் சாயம் ஒட்டாது, கழுவினா போயிடும். தோல் போன இடத்துல மட்டும் உள்ளடுக்கு சாயத்தை உறிஞ்சிப் பளிச்சுன்னு பச்சையா மாறும். ராணி கண்ணுல பட்டாணி அளவுக்குப் பச்சை. இதுல ஒரு பொறி இருக்கு. புண் ரொம்ப ஆழமாப் போய், கடைசிச் சவ்வு மட்டும் மிஞ்சியிருந்தா, அந்தச் சவ்வும் சாயத்தை ஏத்துக்காது. சுத்தி பச்சை வளையம், நடுவுல தெளிவா ஒரு வட்டம் தெரியும். பார்க்கிறவங்க நடுவுல ஆறிடுச்சுன்னு நினைப்பாங்க. உண்மையில எந்த நிமிஷமும் ஓட்டையாகக்கூடிய நிலைமை அது. ராணி அந்த அளவுக்குப் போகல.

புண்ணோட ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டுல வச்சு மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. நூல் நூலா பூஞ்சை. ஆஸ்பெர்ஜில்லஸ், ஃப்யூசேரியம் மாதிரிப் பூஞ்சைகள் வைக்கோல்லயும் மண்ணுலயும் எப்பவும் இருக்கறவை. நல்ல கண்ணுல இருந்தா ஒண்ணும் பண்ணாது. தட்டு கீறின கண்ணுல ஸ்டீராய்டும் சேர்ந்துச்சுன்னா, விருந்து வச்ச மாதிரி. நம்ம ஊர்ல கதிர் அறுக்கும்போது கண்ணுல தூசு குத்தின விவசாயிகளுக்கு வர்றதும் இதே வகைப் புண்தான். மனுஷங்களோட இந்தப் பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து சிறந்ததுன்னு ஒப்பிட்டு 2013-ல வெளிவந்த முக்கியமான ஆய்வு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவோட சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தினது. நாட்டமைசின்கிற பழைய மருந்து, புதுசான வொரிகோனசோலை விட நல்ல பலன் தந்துச்சு, குறிப்பா ஃப்யூசேரியத்துக்கு.

சரி, ஒரு குதிரைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து எப்படி விடறது? ரெண்டாவது நாளே அது உங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கிடும். அதுக்கு ஒரு அழகான ஏற்பாடு இருக்கு. இமை வழியா மெல்லிய ட்யூபை நுழைச்சு, அதைப் பிடரி மயிரோட சேர்த்துப் பின்னி, தோள் பக்கம் கொண்டு வந்துடறாங்க. நீங்க கழுத்துக்கிட்ட நின்னு சிரிஞ்சுல மருந்தைச் செலுத்தி, பின்னாடியே கொஞ்சம் காத்தைத் தள்ளினா போதும். கண்ணைத் தொடவே வேண்டாம். அஞ்சு வாரம் இதைத்தான் பண்ணோம். நான் வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிட்டு அங்கேயே தங்கிட்டேன். காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கும் ஒன்பதரை மணி டோஸும் ஒண்ணா வரும், மைக்கை ம்யூட் பண்ணிட்டுச் சிரிஞ்சை அழுத்திட்டு இருப்பேன்.

பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், அதோட ராணியோட சொந்த ரத்தத்துல இருந்து பிரிச்ச சீரம். இது எனக்குப் பெரிய ஆச்சரியம். கிருமிகளும் ரத்த வெள்ளணுக்களும் விடற என்சைம்கள் கருவிழியையே கரைக்க ஆரம்பிக்கும், கண்ணு ஜெல்லி மாதிரி உருகும். சீரத்துல அந்த என்சைம்களைக் கட்டிப்போடற புரதங்கள் இருக்கு. ஃப்ரிட்ஜில் சுத்தமா வச்சு, அடிக்கடி புதுசா எடுத்துக்கணும். வலிக்கு ஃப்ளூனிக்சின். பாப்பாவை விரிக்கவும் உள்ளே தசைப்பிடிப்பைத் தளர்த்தவும் அட்ரோபின். அட்ரோபின் போடும்போது ஒரு கண்ணு வயித்து மேலயும் இருக்கணும். அது குடலோட அசைவைக் குறைக்கும், குதிரைக்கு வயித்துவலி வந்தா உயிருக்கே ஆபத்து. அதனால அண்ணன் தினமும் லத்தியை எண்ணுவார், நான் எக்ஸெல்ல ஏத்துவேன். சிரிக்காதீங்க, டாக்டர் அந்த ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

இமை கிழிஞ்ச கேஸ் வேற மாதிரி. கொக்கியிலயோ ஆணியிலயோ மாட்டி இமை தொங்கிட்டு இருக்கும், பார்க்கப் பயங்கரமா இருக்கும். தொங்குற துண்டை யாரும் வெட்டி எறிஞ்சுடக் கூடாது. இமைக்கு ரத்த ஓட்டம் அதிகம், செத்துப்போன மாதிரித் தெரியற துண்டு கூடத் தச்சா பிழைச்சுக்கும். வெட்டிட்டா, கருவிழியைத் துடைக்க ஆள் இல்லாம அது வாழ்நாள் முழுக்கக் காய்ஞ்சு புண்ணாகும். சலைன்ல நனைச்ச சுத்தமான துணியை வச்சுட்டு, தேய்ச்சுக்காம ஒரு ஆள் தலையைப் பிடிச்சுக்கணும். தடுப்பூசி இல்லன்னா டெட்டனஸ் ஊசியைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்கணும், குதிரைக்கு அது சீக்கிரம் வரும். கண்ணுக்குள்ளயே முள் குத்தி நின்னா பிடுங்காதீங்க. அதுதான் ஓட்டையை அடைச்சுட்டு இருக்கும்.

அடிபடாமலே ஒரு கண்ணு அடிக்கடி கலங்கிச் சிவந்து, தானாத் தெளிஞ்சு, திரும்ப வந்தா அது வேற நோய். நிலாவோட தேய்பிறை வளர்பிறையோட வருதுன்னு நினைச்சு, ஆங்கிலத்துல நிலாக்குருடுன்னு பேரு வச்சாங்க. நிலாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கண்ணோட உள்பக்க அழற்சி அது, பல குதிரைகள்ல லெப்டோஸ்பைரா கிருமியோட தொடர்புடையது. உலகத்துல குதிரைகள் பார்வை இழக்கறதுக்கு முதன்மையான காரணம் இதுதான். இதுக்கு ஸ்டீராய்டுதான் மருந்து. வெளியில இருந்து பார்த்தா ரெண்டு கண்ணும் ஒரே மாதிரித்தான் கலங்கியிருக்கும், ஒண்ணுக்கு மருந்து இன்னொண்ணுக்கு விஷம். சாயம் போட்டுப் பார்க்காம யாரும் சொல்ல முடியாது.

காப்பாத்த முடியாம கண்ணை எடுக்க வேண்டி வந்தாலும் குதிரை பிழைச்சுக்கும். அமெரிக்காவுல பேட்ச்னு ஒரு பந்தயக் குதிரை, இடது கண் இல்லாமலே 2017 கென்டக்கி டெர்பி ஓடி, அடுத்து பெல்மான்ட்ல மூணாவதா வந்துச்சு. கண்ணு போறதுக்கு முன்னாடியே அதுக்கு வச்ச பேரு அதுங்கறது தனிக் கதை.

ராணிக்குக் கண்ணு போகல. புண் ஆறி, நடுவுல வெள்ளையா ஒரு தழும்பு நின்னுடுச்சு. ஓரமா நிழலாட்டம் தெரியும்னு டாக்டர் சொன்னார். தை மாசத்துக்கு வாங்கின அட்வான்ஸ் எல்லாத்தையும் அண்ணன் திருப்பிக் கொடுத்தார். எவ்வளவுன்னு என்கிட்ட சொல்லல. நான் கொடுத்த பணத்தையும் வாங்கல. "நீ கெடுதல் நினைச்சா பண்ணே"ன்னு மட்டும் சொன்னார். அதுக்கு அப்புறம் அதைப் பத்திப் பேச்சே எடுக்கல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

குதிரைமேல ஏறறது வழக்கமா இடது பக்கம்தான், அவளுக்குத் தெரியாத பக்கமும் அதுதான். அதனால இப்ப மாப்பிள்ளையை வலது பக்கமா ஏத்தறாங்க. அதுக்கே மூணு மாசம் பழக்கினார். பேண்டு செட்டும் பட்டாசும் இடது பக்கம் வராம முன்கூட்டியே சொல்லிடுவார். அவர் இடது பக்கமாவே, தோள்ல கை வச்சு, பேசிட்டே நடப்பார். போன வைகாசியில ஒரு ஊர்வலத்துக்கு நானும் போயிருந்தேன். தெருமுனையில என்னை அந்தப் பக்கம் நிக்கச் சொல்லிட்டு, கயித்தைக் கையில கொடுத்து, "பேசிட்டே வா தம்பி, நீ இருக்கேன்னு அவளுக்குத் தெரியணும்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனார்.