தோட்டத்து மருந்து வீட்டுக்குள் வேண்டாம்

கீழ்ப்பழனி மலையில் உள்ள ஆடலூரில் காபியும் மிளகும்தான் முக்கியப் பிழைப்பு. மலைவாழையை நம்பிய இந்த மலைக் குடும்பங்களை 1970-களில் முடிக்கொத்து நோய் ஒரு தடவை உலுக்கிப் போட்டது. விளைச்சல் போனால் கடன். கடன் வந்தால் வீட்டில் சண்டை. தற்கொலை எண்ணத்துக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. "நான் எல்லாருக்கும் பாரம்" என்று மனசு சொல்லத் தொடங்கும் ராத்திரியில், பூச்சிமருந்து அதே வீட்டின் மூலையில் இருக்கிறதே, அதுதான் என் கவலை.

சாக வேண்டும் என்ற அந்த வேகம் பெரும்பாலும் நிலைப்பதில்லை. சில நிமிஷத்திலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடுகிறது. அதைத் தாண்டிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. அந்த நேரத்தில் கொடிய மருந்து கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். இலங்கை இதைக் கண்ணெதிரே காட்டியது. 1995-லிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள்; இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே வந்தது. நம் கடலூர் மாவட்டத்தில், தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு வேறு வழி பார்த்தது. ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், உள்ளே விவசாயிகளுக்குத் தனித்தனிப் பூட்டுப் பெட்டிகள். மருந்து தேவைப்படும்போது அங்கே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடலூருக்கும் பக்கத்துப் பன்றிமலைக்கும் இப்படி ஒரு கட்டடம் கட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

"சாகப்போறேன்னு வாயில சொல்றவன் செய்ய மாட்டான்" என்கிறோம். தப்பு. சொல்கிறவர் உதவி கேட்கிறார். நடுராத்திரியில் செல்போனில் முகம் தெரியாதவர்களிடம் மனதைக் கொட்டும் பிள்ளையும் அதைத்தான் கேட்கிறது. அங்கே ஆறுதல் கிடைக்கலாம்; தூண்டிவிடுகிறவரும் கிடைக்கலாம். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பதில் வரும்வரை புத்தி சொல்லாமல் இருங்கள், முதலில் அது போதும்.

தற்கொலை முயற்சி என்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்கள் இன்னும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை.

அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமனாஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம். 1986-லிருந்து சென்னையில் இயங்கும் சினேகாவின் எண் 044-24640050. எண்ணை அழுத்தக்கூடத் தெம்பில்லாதவருக்கு நாமே போட்டுக் கொடுத்து, பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.