பேசாத தாய்

மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தொ. மு. சி. ரகுநாதனின் தமிழாக்கத்திற் படித்து உருகியவர் நம்மிடையே பலர். அதனை உருசிய நெறியாளர் புடோவ்கின் 1926ஆம் ஆண்டிற் பேசாப்படமாக ஆக்கினார் என்பதை அறிந்தோர் அத்துணைப் பேர் அல்லர். உரையாடலே கேளாத படத்தில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என வாசகர் வினவலாம். மெய்ப்பாட்டியலை மாணவர்க்கு விளக்க முயன்று இளைத்த ஆசிரியர் எவரும் அவ்வாறு வினவார். உள்ளத்து உணர்ச்சி உடல்வழிப் புலனாதலே மெய்ப்பாடு எனச் சொல்லிவிடலாம். அது நிகழ்வதைக் கரும்பலகையிற் காட்டல் எளிதன்று.

படத்தில் குடிகாரத் தந்தை, மதுவுக்கு விலையாக வீட்டுக் கடிகாரத்தின்மேற் கை வைக்கிறான். தாய் தடுக்கிறாள். கடிகாரம் வீழ்ந்து உடைகிறது. மகன் பாவெல் சுத்தியலோடு எதிர்நிற்கிறான். போராட்டத்தின் இரு கட்சியும் ஒரே கூரையின்கீழ் அமைந்துவிட்டன. ஏனெனில், பின்னர் ஆலையில் வேலைநிறுத்தத்தை உடைக்க அமர்த்தப்படுவோருள் இத்தந்தையும் ஒருவன்.

தொழிலாளனைத் தொழிலாளனே எதிர்ப்பது பாமன்கடையில் வாழும் எமக்குத் தொலைநாட்டுக் கதையன்று. அயலிலிருந்த வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் மூண்டது. மலையாளத் தொழிலாளர் பலர் அங்குப் பணியாற்றினர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் அவர்க்குத் துணைநின்றனர். 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தையும் 1929ஆம் ஆண்டு டிராம் வண்டித் தொழிலாளர் போராட்டத்தையும் முன்நின்று நடத்திய ஏ. ஈ. குணசிங்கவோ இம்முறை எதிர்ப்பக்கம் நின்றார்! ஆலை இருந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் எழுந்துள்ளன.

படத்திற்கு வருவோம். கைகலப்பிலே தந்தை சுடப்பட்டு இறக்கிறான். பிணத்தருகே தாய் அமர்ந்திருக்கிறாள். நீர் துளித்துளியாய்ச் சொட்டுகிறது. வீரா பாரனோவ்ஸ்காயா என்னும் நடிகை அங்கே அழுது அரற்றவில்லை. நம் திரைப்படத் தாய்மார் இக்காட்சியை ஒருமுறையேனும் பார்த்தல் நன்று. மகன் தரைப்பலகையின் கீழ் ஒளித்த ஆயுதங்களைப் பின்னர் அவளே காட்டிக்கொடுக்கிறாள். கொடுத்தால் மகனை விட்டுவிடுவர் என்பது அப்பேதையின் நம்பிக்கை. நீதிபதியருள் ஒருவர் வழக்கின் நடுவே குதிரைப் படம் வரைந்துகொண்டிருக்கிறார், மகனுக்கோ கடுந்தண்டனை.

ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றிற் காட்டும் தாய், ஒரே மகனைத் தயங்காது போருக்கு அனுப்புபவள். அவளை வணங்கலாம். தவறு செய்து, அத்தவற்றினின்றே கற்றுக்கொள்ளும் இத்தாயோ நமக்கு இன்னும் அணுக்கமானவள். முற்பகுதியில் அவளை மேலிருந்து நோக்கிச் சிறுமைப்படுத்திய கமரா, பிற்பகுதியிற் கீழிருந்து நோக்கி உயர்த்துகிறது.

ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து பெயர்வதும் தொழிலாளர் அணிவகுத்து வருவதும் மாறி மாறித் தோன்றுகின்றன. இதனை உள்ளுறை என்றால் இலக்கணப் புலவர் சினக்கக்கூடும். அந்நிலத்தின் கருப்பொருள் பனிதானே?

நாவலின் முடிவில் தாய் புகைவண்டி நிலையத்தில் மக்களை நோக்கி உரக்கப் பேசியவாறே பிடிபடுகிறாள். படத்திலோ மகன் குண்டுபட்டு வீழ்கிறான். அவள் கொடியை ஏந்தி நிற்கிறாள். குதிரைப்படை பாய்ந்து வருகிறது. அச்சமும் அழுகையும் நீங்கி அவள் முகத்திற் பெருமிதம் அரும்புவதை, குதிரைகள் அவளை மிதிக்குமுன் நாம் கண்டுவிடுகிறோம்.