லாரியின் பின்னால் 'டங்!'
சத்தத்தைத் துரத்திப் பிடித்தார் மெக்கானிக்

நாமக்கல், லாரிகளின் ஊர். பாடி கட்டும் பட்டறை ஒரு பக்கம். கமான் பட்டை அடிக்கும் பட்டறை இன்னொரு பக்கம். காலையிலேயே சுத்தியல் சத்தம் காதைத் துளைக்கும்.

அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்கு ஆறு சக்கர லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். முகம் வாடியிருந்தது.

"அண்ணே, பின்னால 'டங், டங்'குன்னு அடிக்குதுங்க. கிரவுன் பினியன் போயிருச்சு, மொத்தமா மாத்தணும்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க."

லாரி அவருடைய சொந்த லாரி. கடனில் வாங்கியது. கிரவுன் பினியன் என்றால் பெரிய செலவு. வண்டி ஓடாத நாட்களின் வாடகையும் நஷ்டம்!

மெக்கானிக் பெரியவர் ஸ்பானரைத் தொடவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்பத் தம்பி அடிக்குது?"

சத்தத்துக்கும் நேரம் உண்டு

இந்தக் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது.

குழியில் விழும்போது மட்டும் சத்தம் வந்தால், கமான் பட்டையைப் பார்க்க வேண்டும். அதன் புஷ்ஷோ, ஷாக்கிள் பின்னோ தேய்ந்திருக்கலாம். வளைவில் திரும்பும்போது மட்டும் வந்தால், சந்தேகம் டிபரன்ஷியல் மேல். வளைவில் வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் அல்லவா? அதற்கு இடம் கொடுக்கும் சிறு பல்சக்கரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

பிரேக் போட்டாலும் அடிக்கிறது, புறப்பட்டாலும் அடிக்கிறது என்றால் யூ போல்ட் தளர்ந்திருக்கலாம். பட்டையையும் அச்சையும் சேர்த்துக் கட்டிப் பிடிப்பது அதுதான். அது விட்டால் அச்சே இடம் பெயர்ந்துவிடும்!

"கியர் போட்டு கிளச்சை விடும்போது ஒரு 'டங்'. தொப்பூர் இறக்கத்துல காலை எடுத்தா ஒரு 'டங்'. கிளீனர் பையன் ஜாக்கி உருளுதுன்னு சொன்னான். ஜாக்கியை இறக்கி வெச்சும் நிக்கலைங்க" என்றார் டிரைவர்.

பெரியவர் தலையை ஆட்டினார். வண்டியை ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே நகர்த்தச் சொன்னார். குனிந்து கேட்டார். 'டங்!'

கீழே படுத்தார்

என்ஜினை அணைத்தார்கள். முன்னும் பின்னும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார்கள். கட்டை வைக்காமல் பெரியவர் லாரியின் கீழே போக மாட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி எவரையும் போக விடவும் மாட்டார்.

கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு நீண்ட இரும்புக் குழாய் ஒன்று ஓடுகிறது. என்ஜினின் பலத்தைச் சுழன்று சுழன்று கொண்டுபோவது அதுதான். அதன் முனைகளில் சிலுவை வடிவில் 'கிராஸ்' இருக்கும். குழியில் அச்சு ஏறி இறங்கினாலும் குழாய் ஒடியாமல் மடங்கிக் கொடுப்பது இதனால்தான்.

பெரியவர் குழாயை இரு கையாலும் பிடித்து முறுக்கினார். கிராஸின் இரண்டு பக்கமும் ஒன்றாக அசைய வேண்டும். இங்கே ஒரு பக்கம் அசைந்தது. மறு பக்கம் சும்மா இருந்தது! கிராஸின் ஓரத்தில் செம்மண் போல் துரும்புத் தூள். உள்ளே ஊசி போன்ற சிறு உருளைகள் கிரீஸ் இல்லாமல் காய்ந்து தேய்ந்திருந்தன.

டிபரன்ஷியல் எண்ணெயையும் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். இரும்புத் துணுக்கு இல்லை. கிரவுன் பினியன் நன்றாகவே இருந்தது!

டிரைவர் சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை.

"இது தொப்பூர் இறக்கத்துல கழண்டிருந்தா என்ன ஆயிருக்கும் தம்பி?"

குழாய் கழன்றால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும். கியரில் வண்டியை அடக்க முடியாது. பாரம் பின்னாலிருந்து தள்ளும். பிரேக் ஒன்றுதான் துணை. நீண்ட இறக்கத்தில் அதுவும் சூடேறிப் பிடிப்பு குறையும்.

டிரைவர் பதில் சொல்லவில்லை.

மாலைக்குள் புது கிராஸ் ஏறியது. கிரீஸ் அடித்தார்கள். வண்டியை எடுத்தார்கள். 'டங்' இல்லை. ஆனால் தெருமுனை போவதற்குள் 'கிணி கிணி' என்று இன்னொரு சத்தம்! டிரைவர் பதறிப்போய் நிறுத்தினார்.

கிளீனர் பையன் குதித்து ஓடினான். பின்கதவுச் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு ஏறிக்கொண்டான்.