எம்.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ்: 50 எடுத்தால் பாஸ்... 55 எடுத்தால்தான் வேலை!

பரமத்தி வேலூரில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் மாவட்டம் மட்டுமல்ல, பல்கலைக்கழகமும் மாறிவிடும். இக்கரையில் நாமக்கல் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அக்கரையில் கரூர் மாவட்டக் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. எம்.சி.ஏ படிக்கப் பொறியியல் கல்லூரிக்குப் போனால், பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகம்.

ஆக, ஒரே ஸ்டாப்பில் பஸ் ஏறும் மூன்று பேர் கம்ப்யூட்டரில் முதுகலை படித்தாலும், பட்டம் வாங்குவதற்கான விதிகள் மூவருக்கும் வேறு வேறு. 'பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்' என்பதை நம்பி இருந்தால், கடைசி செமஸ்டரில் சிக்கல் வரலாம். வெற்றிலையும் வாழையும் விற்ற பணத்தில் பிள்ளையை முதுகலை வரை அனுப்பும் குடும்பங்களுக்கு அந்தச் சிக்கலின் விலை அதிகம். பட்டத்தை முழுதாக முடிக்க என்னவெல்லாம் தேவை?

கிரெடிட் கணக்கு

எம்.எஸ்சி, எம்.சி.ஏ இரண்டும் இப்போது இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர் படிப்புகள். மூன்று ஆண்டாக இருந்த எம்.சி.ஏ, 2020-21 கல்வியாண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்தது. ஒவ்வொரு தாளுக்கும் இத்தனை கிரெடிட் என்று உண்டு. ஒரு கிரெடிட் என்பது ஒரு செமஸ்டரில் சுமார் 15 மணி நேர வகுப்பு. லேப் என்றால் 30 மணி நேரம். முக்கியப் பாடங்கள், விருப்பப் பாடங்கள், லேப், புராஜெக்ட் என்று ஒவ்வொரு பிரிவிலும் சொன்ன கிரெடிட்டைச் சேர்க்க வேண்டும். ஒரு பிரிவில் கூடுதலாக எடுத்து, இன்னொன்றில் விட்டதைச் சரிக்கட்ட முடியாது.

'ஸ்வயம்' இணையவழிப் படிப்புகளிலும் கிரெடிட் பெறலாம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவிகிதம் வரை இப்படிப் படிக்க யு.ஜி.சி அனுமதித்திருக்கிறது. ஆனால், எந்தப் படிப்பை உங்கள் கல்லூரி ஏற்கும் என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

52 எடுத்தும் அரியர்!

முதுகலையில் தேர்ச்சிக்குப் பொதுவாக 50 சதவிகிதம் வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 மதிப்பெண். தேர்வில் தனியாகவும் பாதி எடுக்க வேண்டும் என்ற விதி இருக்கும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இன்டர்னலில் 22, தேர்வில் 30 எடுத்தால் மொத்தம் 52. ஆனாலும் அரியர்தான். காரணம், 75-க்குப் பாதி என்றால் 38 வேண்டும்.

வருகைப்பதிவு வழக்கமாக 75 சதவிகிதம். அது குறைந்தால் தேர்வு எழுதவே அனுமதி கிடைக்காமல் போகலாம்.

புராஜெக்ட்டை வாங்காதீர்கள்

கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு அறிக்கையும் வேண்டும், வைவா என்ற வாய்மொழித் தேர்வும் உண்டு. ரெடிமேடாக விலைக்குக் கிடைக்கும் புராஜெக்ட்டுகள் வைவாவில் மாட்டிவிடும். 'இந்த டேபிளை ஏன் இப்படி அமைத்தீர்கள்?' என்ற ஒரு கேள்வி போதும். அதே கேள்வி வேலைக்கான இன்டர்வியூவிலும் வரும். சிறியதாக இருந்தாலும் சொந்தமாகச் செய்வதே நல்லது. உள்ளூர் ஏல மண்டியின் வரவு செலவை நிர்வகிக்கும் ஒரு செயலிகூட நல்ல புராஜெக்ட்தான்.

அந்த 5 சதவிகிதம்

எல்லாத் தாளிலும் தேறினால் பட்டம் கிடைத்துவிடும். ஆனால், கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆவதற்கான 'நெட்' தேர்வுக்கு முதுகலையில் 55 சதவிகிதம் தேவை. ஓ.பி.சி (கிரீமிலேயர் அல்லாதோர்), எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 50 போதும். இதில் முழு எண்ணாக்கும் சலுகை கிடையாது, 54.9 என்பது 55 ஆகாது.

முதல் ஆண்டில் சராசரி 50 என்றால், இரண்டாம் ஆண்டில் 60 எடுத்தால்தான் மொத்தம் 55 வரும். கடைசி செமஸ்டரில் இதை உணர்ந்தால் எட்டிப் பிடிப்பது கடினம். தமிழக அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி ஆசிரியர் ஆக விரும்புவோருக்கு முதுகலையோடு பி.எட் பட்டமும் வேண்டும்.

அரியருக்கும் காலக்கெடு உண்டு

அரியரை எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். படிப்புக் காலத்துக்குப் பிறகு கூடுதலாக இரண்டு ஆண்டு தரலாம் என்பது யு.ஜி.சி-யின் பொதுவான வழிகாட்டல். இறுதிக் கெடு எது என்பதை உங்கள் பல்கலைக்கழக விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை

* நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான விதிமுறைக் கையேட்டைப் பல்கலைக்கழக இணையதளத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சீனியரின் பாடத்திட்டம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.
* தன்னாட்சிக் கல்லூரி என்றால், கல்லூரியின் தேர்வு விதிகளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.
* ஒவ்வொரு ரிசல்ட் வந்ததும் மூன்றைக் குறித்து வையுங்கள்: சேர்ந்த கிரெடிட், நிற்கும் அரியர், இதுவரையிலான சதவிகிதம்.
* ஏ.பி.சி எனப்படும் கிரெடிட் வங்கிக் கணக்கில் உங்கள் கிரெடிட்டுகள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ரிசல்ட் அன்று 'பாஸா?' என்பதோடு நிறுத்தாமல், 'மொத்தம் எத்தனை சதவிகிதம் வந்திருக்கு?' என்றும் கேளுங்கள்.