கழலாத நட்டும் நிற்காமல் சுற்றும் போல்ட்டும்

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்துவிட்டு, செங்கம் சாலையிலோ அவலூர்பேட்டை சாலையிலோ நிறுத்திய காருக்குக் குடும்பத்தோடு திரும்புகிறீர்கள். டயர் காற்றிறங்கிக் கிடக்கிறது. ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் எல்லாம் இருந்தும் நட்டு அசைய மறுக்கிறது. ஏறி மிதித்தாலும் பயனில்லை. திருவண்ணாமலைக்கு வரும் கார்க்காரர்கள் அவசியம் யோசித்து வைக்க வேண்டிய நிலைமை இது.

இப்படி நட்டு சிக்குவதற்குத் துரு ஒரு காரணம். அதைவிடக் கவலைப்பட வேண்டிய இன்னொன்று, கடைசியாகச் சக்கரத்தை மாட்டியவர் ஏர் கன்னால் அளவில்லாமல் இறுக்கியிருப்பது. சிறிய கார்களின் சக்கர நட்டுக்குத் தேவையான இறுக்கம் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கான துல்லியமான அளவு கையேட்டில் இருக்கும். கட்டுப்பாடின்றி ஓடவிட்ட ஏர் கன் அதைப்போலப் பல மடங்கு இறுக்கிவிடும். அப்போது நட்டு ஏறும் ஸ்டட் நீண்டு பலமிழக்கும், மரை தேயும். அடுத்த முறை கழற்றும்போது ஒடியலாம். அதைவிட மோசம், ஓடும்போதே ஒடியலாம். எனவே முதல் சில சுற்றைக் கையால் ஏற்றச் சொல்லுங்கள். கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் செய்யச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம், உயிர் அந்த நாலைந்து நட்டுகளில்தான் இருக்கிறது.

நட்டைத் தளர்த்துவதைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். வண்டியைத் தூக்கிய பிறகு ஸ்பேனரில் பலம் கொடுத்தால் ஜாக்கி சரியும். கார்த்திகை தீப நாட்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. வடகிழக்குப் பருவமழையில் ஊறிய மண் தரையில் ஜாக்கியின் அடி புதையும். அகலமான கெட்டிப் பலகை ஒன்றை டிக்கியிலேயே வைத்திருங்கள். கைபிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் தலை வைக்கக் கூடாது.

துருப்பிடித்த போல்ட்டிடம் முரட்டுப் பலம் செல்லாது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மரை இடுக்குகள் இறுகிவிடுகின்றன. கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, முடிந்தால் ஒரு இரவு ஊற விடுங்கள். தலையில் சுத்தியலால் நேராகச் சில தட்டு தட்டினால் துருவின் பிடி விடும். பிறகு இம்மியளவு இறுக்கி, அதன்பின் தளர்த்துங்கள். முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும். தலையின் ஆறு முகங்களையும் முழுதாகப் பிடிக்கும் ஆறுமுனை சாக்கெட் நல்லது. தளர்ந்த ஸ்பேனர் தலையை மழுக்கிவிடும். சூடு காட்டுவதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் ரப்பர் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் தீ காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

சிக்கிய போல்ட்டாவது பொறுமைக்கு மசியும். சுற்றிக்கொண்டே இருந்து வெளியே வராத போல்ட்டுக்கு முதலில் காரணம் தெரிய வேண்டும். பின்புறம் நட்டும் சேர்ந்து சுற்றுகிறதா? அதை இன்னொரு ரிங் ஸ்பேனரால் பிடித்தால் போதும். மரை தேய்ந்திருந்தால், தலைக்கு அடியில் தட்டையான நெம்பியை நுழைத்து மெல்ல வெளியே இழுத்தபடி சுற்ற வேண்டும். பாடிக்குள் பற்றவைத்த நட்டு பிய்ந்து உள்ளேயே சுற்றினால் வீட்டு வைத்தியம் கிடையாது. தகட்டை வெட்டியோ தலையை அறுத்தோதான் எடுக்க வேண்டும். சக்கர ஸ்டட்டே ஹப்புக்குள் சுற்றினால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். ஸ்டட்டை மாற்றும்வரை அது ஆபத்து. ஆயில் மாற்றும்போது சம்ப் போல்ட் இறுகாமல் சுற்றினாலும் அப்படித்தான்: எண்ணெய் ஒழுகித் தீர்ந்தால் என்ஜினே பிடித்துவிடும். தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033-ஐ அழைக்கலாம்.

இனி உரிமை. வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி மொத்தமும் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவிலேயே, வெளியில் பழுதுபார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது. அபராதம் மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு கதை. நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ கெடுத்த பாகத்துக்கு நிறுவனம் வாரண்டி மறுக்கலாம், அது நியாயமே. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் வாகனத் துறையும் இடம்பெற்றிருக்கிறது.

பட்டறையில் மரையைக் கெடுத்துவிட்டால் அது சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பதை, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே வேலை அட்டையும் பில்லும் கேட்டு வாங்குங்கள். யுபிஐ-யில் பணம் கட்டினால் அந்தப் பதிவும் சான்றாகும். கெட்ட போல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். வேறு கடையில் சரிசெய்யும் முன்பே படமெடுத்து, பழுதின் காரணத்தை அந்த மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். இந்த ஒரு தாளில்தான் பல வழக்குகள் நிற்கும் அல்லது விழும் என்பது என் கருத்து.

முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வேலை நடந்தது திருவண்ணாமலையில், நீங்கள் வசிப்பது சென்னையில் என்றால் உங்கள் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆய்வகச் சோதனை தேவையில்லாத புகாரை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். குறைபாடு நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தந்துவிட வேண்டும்.

அடுத்த பயணத்துக்கு முன்னால், வீட்டு வாசலிலேயே ஒருமுறை உங்கள் சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சரியான அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். கழலாவிட்டால் இறுக்கிய கடைக்கே பில்லோடு போய்க் கேளுங்கள்.