டர்போ எஞ்சினின் காற்றமுக்கத்தைக் கட்டுப்படுத்தல்: கைத்திருகு வால்வா, மின்னணுக் கருவியா?

மோட்டார் எஞ்சின் ஒன்று எவ்வளவு ஆற்றலை அளிக்கும் என்பது, அதன் சிலிண்டர்களுக்குள் எவ்வளவு காற்று புகுகிறது என்பதைப் பொறுத்தது. எரிபொருளை வேண்டிய அளவு ஊட்டுதல் எளிது. அதனை எரிப்பதற்குரிய காற்றை ஊட்டுதலே அரிது. புகைவாயுவின் ஆற்றலைக் கொண்டே காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும் முறைக்கு, ஸ்விட்ஸர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ஆல்ஃபிரெட் பியூகி என்பார் 1905-ல் பேடன்ட் உரிமை பெற்றார். டர்போசார்ஜர் எனப்படும் கருவி அக்கருத்தின் வழிவந்ததே. எஞ்சினை விட்டு வெளியேறும் வெப்பமான புகைவாயு ஒரு சுழலியைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் புறக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுக்கு அனுப்புகிறது. கார்களில் உள்ள சிறு டர்போசார்ஜர்களின் அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்களுக்கு மேலும் சுழலும்.

இவ்வாறு புறக்காற்றின் அமுக்கத்திற்கு மேல் எஞ்சினுக்குக் கிடைக்கும் அமுக்கத்தை மிகையமுக்கம் எனலாம். பட்டறைகளில் இதனைப் ‘பூஸ்ட்’ என்பர். இதனை அளவோடு நிறுத்தும் சாதனங்கள் இருவகைப்படும். ஒன்று கையால் திருகி அமைக்கப்படுவது. மற்றொன்று மின்னணுக் கருவியால் இயங்குவது. இவற்றுள் எதனை எங்கே கொள்வது என்பதை அறிய, இவை செயற்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

அமுக்கத்திற்கு எல்லை ஏன்?

டர்போசார்ஜரைத் தன் போக்கில் விட்டுவிட்டால் அது தன்னைத் தானே ஊக்குவித்துக்கொள்ளும். காற்று மிகுந்தால் எரிதல் மிகும். எரிதல் மிகுந்தால் புகைவாயு மிகும். புகைவாயு மிகுந்தால் சுழலியின் வேகம் மிகும். அதனால் காற்று மேலும் மிகும். இச்சுழற்சிக்கு எங்கேனும் ஒரு தடை வேண்டும்.

காற்றை அமுக்கும்போது அது சூடேறுகிறது என்பதும் நோக்கத்தக்கது. சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கண்ட மாணவர்கள் இதனை எளிதில் உணர்வர். 27 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள காற்றை இருமடங்கு அமுக்கத்திற்கு உயர்த்துவதாகக் கொள்வோம். அமுக்கியின் திறன் நூற்றுக்கு 70 ஆயின், வெளிவரும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 120 டிகிரியை எட்டும். இதனைத் தணிப்பதற்கே இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் இடையில் வைக்கப்படுகிறது. காற்றின் வெப்பமும் அமுக்கமும் எல்லை மீறினால், பெட்ரோல் எஞ்சினில் தீச்சுடர் வந்து சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்கும். இதுவே ‘நாக்கிங்’ எனப்படும் தட்டல். இது தொடர்ந்து நிகழ்ந்தால் பிஸ்டனின் வளையங்களும் தலைப்பகுதியும் உடைந்துபோகும். பிழை ஒரு நொடியில் நேரலாம். அதற்கு ஈடாக முழு எஞ்சினையே கொடுக்க நேரிடும்.

1962-ல் அமெரிக்காவில் டர்போசார்ஜருடன் விற்பனைக்கு வந்த இரு கார்கள் இச்சிக்கலை இருவகையில் எதிர்கொண்டன. செவர்லே கார்வேர் காரில் கட்டுப்படுத்தும் வால்வு எதுவும் இல்லை. புகைபோக்கி அமைப்பின் தடையே அமுக்கத்தை எல்லைக்குள் நிறுத்தியது. ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரிலோ, புகைவாயுவின் ஒரு பகுதியைக் கழித்துவிடும் வால்வு இருந்தது; அதனுடன், தட்டலைத் தவிர்க்க நீரும் மெதனாலும் கலந்த திரவம் எஞ்சினுக்குள் தெளிக்கப்பட்டது. அத்திரவத்தைத் தீருந்தோறும் நிரப்பப் பல உரிமையாளர்கள் தவறினர். அக்கார் 1963-உடன் நின்றுபோயிற்று. ஓட்டுவோரின் இடைவிடாத கவனத்தை நம்பி நிற்கும் பாதுகாப்பு நிலையானதன்று என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

வேஸ்ட்கேட்டின் வேலை

புகைவாயுவின் ஒரு பகுதியைச் சுழலியின்பாற் செல்லவிடாது விலக்கி வெளியேற்றும் கதவுக்கு வேஸ்ட்கேட் என்று பெயர். அதனைத் திறப்பது ஒரு சிறு குடுவை. குடுவைக்குள் ஒரு மென்தகடும், அதனை எதிர்த்து நிற்கும் சுருள்வில்லும் உள்ளன. அமுக்கப்பட்ட காற்று ஒரு ரப்பர்க் குழாய் வழியே வந்து மென்தகட்டைத் தள்ளும். வில்லின் விசையை அது வென்றவுடன் கதவு திறக்கும். சுழலியின் வேகம் மேலும் ஏறாது நிற்கும்.

வில் 0.5 பார் அளவினதாயின் மிகையமுக்கமும் ஏறத்தாழ 0.5 பாரில் நிற்கும். (கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் 1.01 பார்.) இதனினும் உயர்ந்த அமுக்கம் வேண்டுமானால், குடுவைக்குச் செல்லும் செய்தியை மாற்றுதல் வேண்டும். இருவகைச் சாதனங்களும் செய்வது இதனையே. வில்லின் அளவிற்குக் கீழே அமுக்கத்தைக் குறைக்க இவ்விரண்டினாலும் இயலாது என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

கைத்திருகுச் சாதனம்

இதன் எளிய வகை கசிவு வால்வாகும். குடுவைக்குச் செல்லும் காற்றில் ஒரு பங்கை இது வெளியே கசியவிடும். எஞ்சினின் உட்செல் குழாயில் 0.7 பார் இருக்கும்போது குடுவைக்கு 0.5 பார் மட்டுமே எட்டுமாறு திருகை அமைத்தால், கதவு 0.7 பாரில்தான் திறக்கும்.

இரண்டாவது வகையில் ஒரு சிறு குண்டும் அதனை அழுத்தி நிற்கும் வில்லும் உள்ளன. குறித்த அமுக்கம் வரும்வரை குண்டு வழியை அடைத்து நிற்கும். குடுவைக்குக் காற்றே செல்லாது. கசிவு வால்வில் கதவு முன்னதாகவே சிறிது சிறிதாக நெகிழத் தொடங்கும். குண்டு வால்வில் அது இறுதிவரை மூடியே இருக்கும். ஆதலால் டர்போசார்ஜர் விரைவில் வேகம் கொள்கிறது. குடுவையில் தங்கிய காற்று பின்னர் வெளியேறுவதற்கு இவ்வகையில் ஒரு நுண்துளை அமைந்திருக்கும்.

கைத்திருகுச் சாதனத்தின் சிறப்பு அதன் எளிமை. மின்கம்பியும் உணரியும் இதற்கு வேண்டுவதில்லை, விலையும் குறைவு, பழுது நேர்ந்தால் கண்ணாலேயே காணலாம். இதன் குறை, அறிவின்மை. எல்லாக் கியர்களிலும், எல்லா வேகங்களிலும் ஒரே அமைப்புத்தான். காற்று சூடேறியதையோ, பெட்ரோல் தரம் குறைந்ததையோ, தட்டல் தொடங்கியதையோ இது அறியாது.

மின்னணுச் சாதனம்

இதில் மூன்று உறுப்புகள் உள்ளன: அமுக்கத்தை அளக்கும் உணரி, கணக்கிடும் கருவி, காற்றை வழிமாற்றும் சொலினாய்டு வால்வு. வால்வு நொடிக்குப் பலமுறை திறந்து மூடும். அவ்வாறு திறந்திருக்கும் நேரத்தின் விகிதத்தை மாற்றுவதன் மூலம் குடுவைக்கு எட்டும் அமுக்கம் மாற்றப்படுகிறது. வேண்டிய அமுக்கத்தையும் உள்ள அமுக்கத்தையும் ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கேற்ப விகிதத்தைக் கருவி இடைவிடாது திருத்திக்கொண்டே இருக்கும். எனவே முதற் கியரில் குறைந்த அமுக்கமும் மேற்கியர்களில் உயர்ந்த அமுக்கமும் அமைத்தல் கூடும். அமுக்கம் எல்லை கடந்தால் உடனே குறைத்துவிடவும் செய்யலாம்.

ஸ்வீடன் நாட்டுச் சாப் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் இவ்வழியில் ஒரு முக்கிய முன்னேற்றத்தைக் கண்டது. எஞ்சின் உடலில் தட்டலை உணரும் உணரி ஒன்றைப் பொருத்தி, தட்டல் தோன்றியவுடன் சொலினாய்டு வால்வு அமுக்கத்தைக் குறைக்குமாறு அது அமைத்தது. அதனால் வெவ்வேறு தரமுள்ள பெட்ரோலையும் அதே எஞ்சின் தீங்கின்றி ஏற்க முடிந்தது. இன்றைய டர்போ கார்களில் இப்பணி எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியிலேயே அடங்கியுள்ளது.

இதன் குறைகளும் சில. விலை மிகுதி, அமைப்பதற்குப் பயிற்சி வேண்டும். திருத்தும் வேகத்தைத் தவறாக அமைத்தால் அமுக்கம் எல்லையைத் தாண்டி ஏறும். அல்லது ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஆடும்.

உயர்ந்த இடங்களில்

இவ்விரு சாதனங்களின் வேறுபாடு மலைப் பகுதிகளில் தெளிவாகப் புலப்படும். இதனை வகுப்பில் விளக்குவதற்குச் சமையலறையின் பிரஷர் குக்கரே போதும். குக்கரின் வெயிட், வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 பார் மிகுதியான அமுக்கத்தில் உயர்ந்து நீராவியை விடுகிறது. கடல் மட்டத்தில் குக்கருக்குள் மொத்தம் 2 பார் அமுக்கமும் 120 டிகிரி வெப்பமும் இருக்கும். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் வெளிக்காற்றின் அமுக்கம் ஏறத்தாழ 0.65 பார் மட்டுமே. அங்கே அதே வெயிட் 1.65 பார்தான் தரும். வெப்பநிலையும் 114 டிகிரியளவில் நிற்கும். வெயிட் அறிவது வேறுபாட்டை மட்டுமே, மொத்தத்தையன்று.

வேஸ்ட்கேட்டின் வில்லும் அத்தகையதே. கைத்திருகை 0.7 பாருக்கு அமைத்த கார், கடல் மட்டத்தில் மொத்தம் 1.7 பாரும், லேயில் 1.35 பாரும் பெறும். அங்கே ஆற்றல் குறையும். மொத்த அமுக்கத்தை அளக்கும் உணரியுடைய மின்னணுக் கருவி, லேயிலும் 1.7 பாரையே நாடும். ஆனால் அதற்காக டர்போசார்ஜர் காற்றை 1.7 மடங்கிற்குப் பதிலாக 2.6 மடங்கு அமுக்க வேண்டியதாகிறது. அச்சின் வேகமும் காற்றின் வெப்பமும் அதற்கேற்ப ஏறும். எனவே மின்னணுக் கருவியில் உயரத்திற்கேற்ற மேல் எல்லை ஒன்றையும் வகுத்திருத்தல் இன்றியமையாதது. அவ்வெல்லை இல்லாத மின்னணுக் கருவியைவிட, ஆற்றல் குறைந்து ஓடும் எளிய திருகே டர்போசார்ஜருக்கு நலம் பயக்கும்.

பழுது நேரின்

ஒரு சாதனத்தைத் தேர்வோர், அது நன்றாக இயங்கும்போது என்ன செய்யும் என்பதோடு, கெடும்போது என்ன செய்யும் என்பதையும் கேட்டல் வேண்டும்.

குடுவைக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் வெடித்தாலும் கழன்றாலும் கதவு திறவாது. அமுக்கம் கட்டின்றி ஏறும். இவ்வபாயம் இருவகைக்கும் பொது. கசிவு வால்வின் துளை அடைபட்டால் அமுக்கம் வில்லின் அளவிற்கு இறங்கும், தீங்கில்லை. அதன் திருகு அதிர்ச்சியால் தளர்ந்து திறந்தாலோ அமுக்கம் ஏறும். பூட்டுநட்டு வேண்டுவது இதன் பொருட்டே. குண்டு வால்வில் குண்டு அழுக்கினால் ஒட்டிக்கொண்டாலும் அமுக்கம் ஏறும். சொலினாய்டு வால்வைப் பொறுத்தவரை, மின்னோட்டம் நின்றவுடன் முழு அமுக்கமும் குடுவைக்குச் செல்லுமாறு குழாய்களை இணைத்தல் வேண்டும். அவ்வாறு இணைத்தால் மின்தடை நேரினும் எஞ்சின் காக்கப்படும். மாற்றி இணைத்தால் அதுவே எஞ்சினைக் கெடுக்கும்.

எதனைத் தேர்வது?

கணினிக் கட்டுப்பாடு இல்லாத பழைய டர்போ எஞ்சின், பயிற்சிக் கூடத்துச் செயல்விளக்க எஞ்சின், ஒரே அளவான மிதமான அமுக்கம் போதுமான இடம் ஆகியவற்றிற்குக் கைத்திருகுச் சாதனம் ஏற்றது. அவற்றுள்ளும் குண்டு வால்வு சிறந்தது. கியர், வேகம், உயரம் ஆகியவற்றிற்கேற்ப அமுக்கம் மாறவேண்டிய இடங்களுக்கு மின்னணுச் சாதனமே உரியது.

கணினி உள்ள இன்றைய காரில் கைத்திருகைப் புகுத்துதல் தகாது. எதிர்பாராத அமுக்கத்தைக் கண்ட கணினி, எரிபொருளை நிறுத்தும்; அல்லது காரைக் குறைந்த ஆற்றல் நிலைக்குத் தள்ளும். சில கார்களில் வேஸ்ட்கேட் மின்மோட்டாரால் இயங்குவதால் திருகைப் பொருத்த இடமே இல்லை. சுழலியின் இதழ்களைச் சாய்த்து அமுக்கத்தை மாற்றும் டீசல் எஞ்சின்களுக்கும் இவ்வால்வுகள் பொருந்தா.

எவ்வகையாயினும், அமுக்கமானி இன்றி அமைப்பை மாற்றலாகாது. வில்லின் அடிப்படை அளவிலிருந்து தொடங்கி, திருகைக் கால் சுற்றுக்கு மேற்படாது படிப்படியாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் எரிபொருள் விகிதத்தையும் தட்டலையும் சோதித்தல் வேண்டும். அமுக்கத்தை உயர்த்தி எரிபொருளை உயர்த்தாது விடுதலே எஞ்சின்கள் அழிவதற்குப் பெரிதும் காரணமாகும். பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் களப்பணியாளர்கள் உரிமையாளர்களுக்கு எடுத்துக்கூறல் வேண்டும்.

சுருங்கக் கூறின், கைத்திருகு ஓர் அளவை நிறுத்திவைக்கும். மின்னணுக் கருவி ஓர் அளவைத் தேடிச் செல்லும். முன்னதற்கு அமைப்போனின் எச்சரிக்கையும் பின்னதற்கு அமைப்போனின் பயிற்சியும் வேண்டும். இரண்டிற்கும் பொதுவாக வேண்டுவன, ஓட்டையற்ற ரப்பர்க் குழாயும் இறுகிய கவ்வியுமாகும்.