பயிர் இன்ஷ்யூரன்ஸ் பிரீமியமும் கிராமத்து மகசூல் கணக்கும்

திருவண்ணாமலை ஜில்லாவின் விவசாயிகளுக்கு மழையின் இரு முகங்களும் பழக்கமானவையே. 2016-ம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதிலும் வழக்கமான அளவுக்கு 62 சதவீதம் குறைந்து போயிற்று. ஏரிகள் வறண்டன, சம்பா நடவு பல கிராமங்களில் நடைபெறவே இல்லை. எட்டு வருஷங்கள் கழித்து, 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த பெஞ்சல் புயலினால் இதே ஜில்லாவில் பெருமழை கொட்டிற்று. மறுநாள் அண்ணாமலையின் சரிவில் மண் சரிந்து நகரத்தில் எழுவர் மாண்டனர். அதற்கு அடுத்த நாள் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையாற்றில் வினாடிக்கு 1,68,000 கன அடி வரையில் நீர் வெளியேற்றப்பட்டது. இவ்வகை நஷ்டங்களை ஈடு செய்யும் பொருட்டே பயிர் இன்ஷ்யூரன்ஸ் ஏற்பட்டிருக்கிறது. அதன் பிரீமியமும் நஷ்ட ஈடும் எவ்விதம் கணக்கிடப்படுகின்றன என்பதையும், இப்போது அக்கணக்கில் புகுந்துள்ள புள்ளிவிவர மாதிரிகளும் இயந்திரக் கற்றல் என்னும் கணிப்பொறி முறையும் குடியானவருக்கு எவ்வாறு சம்பந்தப்பட்டவை என்பதையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

முன் நடந்தவை

நம் நாட்டில் இதைப் பற்றி முதன்முதலாக ஒழுங்கான யோசனை கூறியவர் மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி என்பவர். இந்திய நிலைமைக்கு ஏற்ற விவசாய இன்ஷ்யூரன்ஸைப் பற்றி அவர் 1920-ம் வருஷத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொருவர் நிலத்தையும் தனியே சோதிப்பது இயலாத காரியமாகையால், மழைமானியில் பதிவாகும் மழையின் குறைவையே அளவாகக் கொண்டு அப்பகுதியார் யாவருக்கும் ஒரே விகிதத்தில் ஈடு கொடுக்கலாம் என்பது அவர் கருத்து.

அவ்வழியை விட்டுத் தனித்தனி விவசாயி வாரியாகச் செய்து பார்த்ததன் பலன் பின்னர்த் தெரிந்தது. 1972-ம் வருஷம் முதல் 1978 வரையில் குஜராத்தில் எச்-4 பருத்தியைக் கொண்டு தொடங்கிய திட்டத்தில் 3,110 விவசாயிகள் சேர்ந்தனர். வசூலான பிரீமியம் 4.54 லட்சம் ரூபாய். கொடுத்த ஈடோ 37.88 லட்சம் ரூபாய். பொருளாதார அறிஞர் வி. எம். தாண்டேகர் இதை ஆராய்ந்து, ஒரு பகுதி முழுவதற்கும் ஒரே சராசரி மகசூலை அளவாகக் கொள்ள வேண்டும் என்றார். 1979-ம் வருஷத்துச் சோதனைத் திட்டமும், 1985, 1999-ம் வருஷங்களின் திட்டங்களும், 2016-ம் வருஷத்தில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் அவ்வழியிலேயே அமைந்தவை. ஆகையால் இன்று உங்கள் நிலத்திற்குக் கிடைக்கும் ஈட்டைப் பெரும்பாலும் முடிவு செய்வது உங்கள் வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலாகும்.

கணக்கின் முறை

நடைமுறையை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். இதில் வரும் எண்கள் விளக்கத்தின் பொருட்டு வைத்துக்கொண்டவை. ஒரு கிராமத்தில் ஏழு வருஷங்களின் சம்பா நெல் மகசூல், ஏக்கருக்குக் கிலோ கணக்கில், 1,900, 1,700, 800, 2,100, 1,800, 1,100, 2,000 என்று இருப்பதாகக் கொள்வோம். திட்டத்தின் விதிப்படி இவற்றில் சிறந்த ஐந்தை எடுத்துச் சராசரி கண்டால் 1,900 கிலோ ஆகிறது. காப்பு அளவு 80 சதவீதம் என்றால் உத்தரவாத மகசூல் 1,520 கிலோ. இவ்வருஷம் கிராம மகசூல் 1,140 கிலோ என்று கண்டால் குறைவு 380 கிலோ; அது உத்தரவாத மகசூலில் நாலில் ஒரு பங்கு. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாயாயின் ஈடு 7,500 ரூபாய்.

இனி பிரீமியம். மேற்கண்ட ஏழு வருஷங்களில் இரண்டில் மட்டும் மகசூல் 1,520-க்குக் கீழே இறங்கிற்று. அவற்றின் குறைவு 720 கிலோவும் 420 கிலோவும் ஆகும். இரண்டும் சேர்ந்து உத்தரவாத மகசூலில் 75 சதவீதம். இதை ஏழு வருஷங்களுக்குப் பங்கிட்டால் வருஷத்திற்கு ஏறக்குறைய 10.7 சதவீதம். அதாவது 100 ரூபாய்ப் பொறுப்புக்கு 10 ரூபாய் 70 காசு வசூலித்தால்தான் வரவும் செலவும் சரியாகும். இதன் மேல் நிர்வாகச் செலவும், எதிர்பாராத பேரிடருக்கான சேமிப்பும் கூட்டப்படும். இதில் விவசாயி செலுத்துவது சொற்பமே: காரீப் உணவு தானியங்களுக்கும் எண்ணெய் வித்துக்களுக்கும் 2 சதவீதம், ராபிப் பருவத்திற்கு ஒன்றரை சதவீதம், வருஷாந்தர வர்த்தகப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 5 சதவீதம் என்பது உச்ச வரம்பு. எஞ்சியதை மத்திய அரசாங்கமும் மாகாண அரசாங்கமும் பகிர்ந்துகொள்கின்றன.

பிரீமியம் உயர்ந்தால் சுமை அரசாங்கப் பொக்கிஷத்தைச் சார்கிறது என்று விவசாயி அலட்சியமாக இருக்கலாகாது. 2020-ம் வருஷத்தில் மத்திய அரசாங்கம் தன் பங்கிற்கு வரம்பு விதித்து, பாசன நிலத்திற்கு 25 சதவீதத்திற்கும் மானாவாரிக்கு 30 சதவீதத்திற்கும் மேற்பட்ட பிரீமிய விகிதத்திற்குத் தான் உதவுவதில்லை என்று அறிவித்தது. அவ்வருஷத்திலேயே குஜராத் அரசாங்கம் பிரீமியச் சுமையைக் காரணங் காட்டித் திட்டத்தினின்று விலகிற்று. பொக்கிஷம் தாங்காவிடில் திட்டமே விவசாயியின் கையை விட்டுப் போகும்.

ஏழு எண்கள் போதுமா?

மேற்கண்ட கணக்கில் ஒரு பலவீனம் இருக்கிறது. ஏழு எண்களைக் கொண்டு ஒரு கிராமத்தின் விதியை நிர்ணயித்தல் கடினம். பெஞ்சல் போன்ற பெருமழை அந்த ஏழில் அகப்பட்டால் பிரீமியம் தேவைக்கு மேல் ஏறிவிடும். அகப்படாவிடில் தேவைக்குக் கீழே நின்றுவிடும். இக்குறையை நீக்கவே புள்ளிவிவர மாதிரிகள் ஏற்பட்டன.

முதலாவது முறை, சொந்த அநுபவத்தையும் அக்கம்பக்கத்து அநுபவத்தையும் தராசில் வைத்து நிறுப்பதாகும். கிராமத்தின் கணக்கு நீண்டதாயும் சீரானதாயும் இருந்தால் அதற்கு அதிக எடை. குறுகியதாயும் தாறுமாறாயும் இருந்தால் பிர்காவின் கணக்கிற்கு அதிக எடை. இரண்டாவது முறை, வானிலை இலாகாவின் நீண்ட மழைப் பதிவுகளைத் துணை கொள்வது. 1901-ம் வருஷம் முதல் நாட்டின் தினசரி மழை கட்டம் கட்டமாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது. மழைக்கும் மகசூலுக்கும் உள்ள சம்பந்தத்தை அறிந்துகொண்டால், மகசூல் கணக்கு இல்லாத பழைய வருஷங்களிலும் நஷ்டம் எவ்வளவு ஆகியிருக்கும் என்று உத்தேசிக்கலாம்.

இச்சம்பந்தத்தைக் காண்பதில்தான் இயந்திரக் கற்றல் பயன்படுகிறது. மழை, வெப்பம், மண், நடவுத் தேதி, செயற்கைக் கோள் கண்ட பயிரின் பசுமை ஆகியவற்றை ஒரு புறத்திலும், அவ்வவ் வருஷங்களில் உண்மையாய் அளந்த மகசூலை மறு புறத்திலும் வைத்துக் கணிப்பொறிக்குக் கொடுத்தால், எத்தகைய சேர்க்கையில் எவ்வளவு மகசூல் கண்டது என்பதை அது தானே கற்கிறது. நட்ட ஒரு மாதத்திற்குள் மழை இவ்வளவுக்குக் குறைந்ததா, பூக்கும் தருணத்தில் நீர் தேங்கிற்றா என்று கேள்விமேல் கேள்வியாகக் கிளைவிடும் மரங்கள் பல நூற்றை அமைத்து, அவற்றின் விடைகளைச் சராசரி செய்வது ஒரு முறை.

ஆனால், வாய்ப்பாட்டை உருப்போட்ட மாணவன் கேள்வியைச் சற்று மாற்றினால் விழிப்பது போல, பழைய வருஷங்களை அப்படியே மனப்பாடம் செய்த மாதிரி புதிய வருஷத்தில் தவறிவிடும். ஆதலின் சில வருஷங்களின் கணக்கை மறைத்து வைத்து, மற்றவற்றால் கற்பித்து, மறைத்த வருஷங்களை அது சரியாகச் சொல்லுகிறதா என்று சோதித்த பின்னரே நம்ப வேண்டும்.

இரண்டரை சென்டும் வானத்துக் கண்ணும்

முன்னாளில் கர்ணமும் மணியகாரரும் விளைச்சலைக் கண்ணால் கண்டு, பன்னிரண்டணா, பதினாறணா என்று மதிப்பிட்டு வந்தனர். 1940-களில் பான்ஸே, சுகாத்மே என்னும் புள்ளிவிவர அறிஞர்கள், குலுக்கல் முறையில் தேர்ந்த வயலில் அளந்து அறுத்து நிறுக்கும் முறையை இந்தியாவில் நிலைநிறுத்தினர். அதுவே இன்றைய பயிர் அறுவடைப் பரிசோதனை. முக்கியப் பயிருக்குக் கிராமத்தில் நாலு பரிசோதனைகள். நெல்லுக்கு ஒவ்வொன்றும் ஐந்து மீட்டர்ச் சதுரம். நான்கும் சேர்ந்து 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். கிராமத்தின் பல நூறு ஏக்கருக்கும் ஈட்டை நிர்ணயிப்பது இந்த இரண்டரை சென்டே.

செயற்கைக் கோளோ கிராமம் முழுவதையும் காண்கிறது. ரேடார் அலைகள் மேகத்தையும் ஊடுருவும். 2016-17-ம் வருஷத்து வறட்சியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இவ்வலைகளைக் கொண்டு நெல் நடப்படாத கிராமங்களையும் பயிர் கருகிய கிராமங்களையும் கண்டறிய உதவினர். 2023-ம் வருஷத்துக் காரீப் முதல், நெல்லுக்கும் கோதுமைக்கும், தொழில் நுட்பத்தால் உத்தேசித்த மகசூலுக்குக் குறைந்தது 30 சதவீத எடை கொடுக்கும் ஏற்பாடு புகுத்தப்பட்டது.

மேற்படி உதாரணத்தில் இதன் விளைவைக் காண்க. பரிசோதனை 1,140 கிலோ என்கிறது. மாதிரி 1,500 கிலோ என்கிறது. 70-க்கு 30 என்று கலந்தால் கிராம மகசூல் 1,248 கிலோ. ஈடு 7,500 ரூபாயினின்று சுமார் 5,370 ரூபாயாகக் குறையும். மாதிரி 900 கிலோ என்று சொல்லியிருப்பின் ஈடு சுமார் 8,920 ரூபாயாக ஏறும். பிரீமியத்தில் நேரும் பிழை அரசாங்கத்தையும் கம்பெனியையும் தாக்குகிறது. மகசூலில் நேரும் பிழையோ விவசாயியின் கையிலேயே விழுகிறது. ஆகவே எந்த மாதிரியானாலும், அது இந்த ஜில்லாவின் கிணற்றுப் பாசனத்தையும், ஏரிப் பாசனத்தையும், செங்கம், தண்டராம்பட்டுப் பக்கத்து மேட்டு நிலங்களையும் அளந்து சோதிக்கப்பட்டதா என்று கேட்பது நியாயமே. வேறு ஜில்லாவில் கற்ற பாடம் இங்கு அப்படியே பொருந்தாது.

பொய் எண்ணின் ஆயுள்

இவ்வளவு கருவிகளுக்கும் ஆதாரமாயிருப்பது கிராமத்தில் எழுதப்படும் எண் ஒன்றே. மாதிரி தானாக எதையும் அறியாது; பரிசோதனைப் படிவத்திலும் அடங்கலிலும் உள்ளதையே அது உண்மையெனக் கற்கும்.

நமது கிராமத்தில் 1,900 கிலோ கண்ட நல்ல வருஷத்தில், இளைத்த வயலைத் தேடி அறுத்து 1,400 என்று எழுதினதாக வைத்துக்கொள்வோம். அவ்வருஷம் அதனால் சிறு தொகை கிடைத்திருக்கக் கூடும். ஆனால் அந்த எண் ஏழு வருஷங்கள் கணக்கில் நிற்கும். சிறந்த ஐந்தின் சராசரி 1,800 ஆகவும், உத்தரவாத மகசூல் 1,440 ஆகவும் இறங்கும். பின்னர் உண்மையாகவே 1,140 கிலோ கண்ட கெட்ட வருஷத்தில் ஈடு 7,500 ரூபாய்க்குப் பதிலாக 6,250 ரூபாயே கிடைக்கும். பொய்யான எண்ணால் மாதிரியும் கெடுகிறது. நல்ல மழை பெய்த வருஷத்தில் மகசூல் குறைந்ததாகக் கற்ற கணிப்பொறி, அந்த வட்டாரத்து மழைக்கும் மகசூலுக்கும் சம்பந்தமில்லை என்ற முடிவுக்கு வரும். கணக்கு சந்தேகத்திற்கு இடமாயிருந்தால் கம்பெனிகள் அச்சந்தேகத்திற்கும் சேர்த்துப் பிரீமியம் கேட்கும். மகசூலை மிகைப்படுத்தி எழுதுவதோ இன்னும் கேடானது; கஷ்டப்பட்ட வருஷத்திலேயே ஈட்டை அது அழித்துவிடும்.

செய்ய வேண்டியவை

விவசாயிகள் தங்கள் கிராமத்தில் பரிசோதனை நடக்கும் சர்வே எண்களையும் நாளையும் உதவி வேளாண்மை அலுவலரிடம் முன்னரே கேட்டறிந்து, அறுவடையின்போது நேரில் இருத்தல் வேண்டும். குலுக்கலில் வந்த வயலிலேயே அறுக்கப்படுகிறதா, அளவு சரியா, நிறுத்த எடை அப்படியே எழுதப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தேர்ந்த வயலை முன்கூட்டி அறுத்துவிடலாகாது.

கல்மழை, மண்சரிவு போன்ற தலத்து விபத்துக்களையும், அறுத்துப் பரப்பிய பயிர் பதினான்கு நாளுக்குள் புயலாலோ பருவந் தப்பிய மழையாலோ கெடுவதையும் 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். இவற்றில் தனி நிலமே பார்வையிடப்படுகிறது. நெல் வயலில் வெள்ளம் தேங்குவது 2018-ம் வருஷத்தில் இவ்வகையினின்று நீக்கப்பட்டிருந்தது. அதை 2026-ம் வருஷத்துக் காரீப் முதல் மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது.

கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலை நேரில் கண்டு எழுதுவார்களாக. மணிலாப் பயிர் உள்ள நிலம் அடங்கலில் நெல் என்று பதிவானால், அந்த விவசாயியின் இன்ஷ்யூரன்ஸுக்கு விக்கினம் நேர்வதுடன், வானிலிருந்து பயிரை இனங்காணும் கணிப்பொறியும் தவறான பாடம் கற்கும். பரிசோதனையில் எடையை உத்தேசமாக எழுதாமல், தராசில் கண்டபடியே பதிவு செய்வதும் அவர்களோடு ஒத்துழைக்கும் இலாகா ஊழியர்களின் கடமை.

இக்காரியத்தில் கணிப்பொறி வல்லுநர்களின் உழைப்பு எவ்வளவு இருந்தாலும், அவர்கள் வேலை கிராமத்து வயலில் நிறுத்த நெல்லினின்றே தொடங்குகிறது. அந்த எடையை உண்மையாக எழுதும் கிராமத்திற்கு நியாயமான பிரீமியமும் காலத்தில் சரியான ஈடும் கிடைப்பதற்கு வழி உண்டு. ஆகையால் மிராசுதாரர்களும் சிறு குடியானவர்களும் கிராம அலுவலர்களும் வரும் சம்பா அறுவடையிலேயே இவ்விஷயத்தில் சிரத்தை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.